20 வருட அனுபவம் இருந்தும் வேலை கிடைக்கலையா? சீனியர்கள் தங்களைப் பற்றிப் பேசத் தடுமாறுவது ஏன்?

2025 ஜூலை இறுதியில் டிசிஎஸ் நிறுவனம் தனது ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. ஐ.டி. துறைக்கு ஆட்குறைப்பு புதுசு இல்லை. ஆனால் இந்த முறை யார் போகப்போகிறார்கள் என்பதுதான் பலரையும் உலுக்கியது. பாதிக்கப்படுபவர்கள் பெரும்பாலும் நடுநிலை மற்றும் மூத்த நிலையில் இருப்பவர்கள் என்று அந்த நிறுவனமே சொன்னது.

45 வயதுக்கு மேல் வேலை போவது 25 வயதில் போவது போல இல்லை. வீட்டுக் கடன் இ.எம்.ஐ. ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளை காலேஜில் இருப்பார். பெற்றோருக்கு மருத்துவச் செலவு இருக்கும். இதற்கு நடுவே இன்னொரு சிக்கல். இவர்களில் பலர் 15, 20 வருடமாக வேலை தேடியதே இல்லை. யாராவது கூப்பிடுவார்கள், போய்ச் சேருவார்கள். இப்போது முதல்முறையாக, "நான் யார், என்ன செய்வேன்" என்று அறிமுகம் இல்லாதவர்களிடம் சொல்ல வேண்டிய கட்டாயம். அங்கேதான் வாய் ஒட்டிக்கொள்கிறது.

மேலே போகப் போக வேலை குறைவது ஏன்?

கணக்கு ரொம்ப எளிது. ஐ.டி. சேவை நிறுவனங்கள் பிரமிடு மாதிரி. கீழே ஆயிரம் பேர் இருந்தால் மேலே சிலர்தான். ஒரு புரோகிராமர் வேலையை விட்டால் ஊரில் அதே மாதிரி நிறைய காலியிடங்கள் இருக்கும். ஒரு டெலிவரி ஹெட் வெளியே வந்தால், அவருக்குப் பொருத்தமான இடங்கள் ஒரு கை விரலில் அடங்கிவிடும். அதிலும் பல இடங்கள் விளம்பரத்துக்கே வருவதில்லை. இருப்பவரை மாற்றப்போகிறோம் என்பதை எந்த நிறுவனமும் ஊருக்குச் சொல்லாது. நாலு பேரிடம் விசாரித்து, தெரிந்தவர் மூலமாகவே ஆளை எடுத்துவிடும். அதனால் நௌக்ரியில் தினமும் 30 இடங்களுக்கு 'அப்ளை' பட்டனைத் தட்டிக்கொண்டிருக்கும் சீனியருக்கு ஒரு பதிலும் வராமல் போவது அவர் திறமைக் குறைவால் இல்லை. அவர் தேடும் வேலை பெரும்பாலும் அங்கே இருப்பதே இல்லை.

'நாங்க செஞ்சோம்' என்பதில் என்ன தப்பு?

தன்னைப் பற்றித் தானே பேசினால் தற்பெருமை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நல்ல மேனேஜருக்கு இது இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கும். ஜெயித்தால் டீம், தோற்றால் நான் என்று சொல்லிப் பழகியவர். அலுவலகத்தில் அது நல்ல குணம்தான். நேர்காணலில் அதுவே காலை வாரிவிடுகிறது. "இதில் நீங்க என்ன செஞ்சீங்க?" என்று எதிரில் இருப்பவர் கேட்டால், "எங்க டீம் நல்லா பண்ணாங்க சார்" என்று பதில் வருகிறது. கேட்டவர் டீமை வேலைக்கு எடுக்கப்போவதில்லையே.

இன்னொரு பக்கம், கூச்சத்தை மறைக்க சிலர் பெரிய வார்த்தைகளில் ஒளிந்துகொள்கிறார்கள். 'தொலைநோக்குத் தலைவர்', 'மாற்றத்தின் முகவர்' என்றெல்லாம் ரெஸ்யூமேயின் முதல் வரியில் எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. ஏ.ஐ. எழுதித் தரும் அறிமுகங்கள் எல்லாம் இப்போது இதே சாயலில் வருவதால், இவற்றுக்கு மதிப்பும் குறைந்துவிட்டது.

உதாரணத்துக்கு ஒருவர், "பெரிய குழுக்களை வழிநடத்துவதில் 22 ஆண்டு அனுபவம்" என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதையே இப்படியும் சொல்லலாம்: "ஐரோப்பிய வங்கி ஒன்றின் பழைய மென்பொருளை மாற்றும் திட்டம், 60 பேர், 14 மாதம். மூன்றாவது மாதத்தில் திட்டம் தடுமாறியது. வேலையை இரண்டு கட்டமாகப் பிரிப்பது என்பது நான் எடுத்த முடிவு. சொன்ன தேதியில் முடித்தோம்." இதில் பெருமை எங்கே இருக்கிறது? நடந்ததுதான் இருக்கிறது. 'நாங்கள்' என்பதும் இருக்கிறது. ஆனால் முடிவு யாருடையது என்பது மறையவில்லை.

அந்த வங்கியின் பெயர் ஏன் இல்லை என்று தோன்றலாம். வாடிக்கையாளர் விவரங்களை வெளியிடக் கூடாது என்ற ஒப்பந்தத்தில் ஐ.டி. ஊழியர்கள் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். துறையையும் அளவையும் சொன்னாலே போதும். ரகசியத்தைக் காப்பாற்றத் தெரிந்தவர் என்பதும் ஒரு தகுதிதான். அதேபோல, இல்லாததைச் சேர்ப்பதும் ஆபத்து. எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்பதை பி.எஃப். கணக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

ரெஸ்யூமே இரண்டு, மூன்று பக்கம் போதும். 1998இல் கற்ற மென்பொருள், அப்பா பெயர், பாஸ்போர்ட் எண், கடைசியில் 'மேற்கண்ட விவரங்கள் உண்மை என உறுதியளிக்கிறேன்' என்ற வரி, இவை எதுவும் இப்போது தேவையில்லை.

யாரிடம் சொல்வது?

வேலை போனதும் நெருங்கிய நண்பர்களிடம்தான் முதலில் சொல்வோம். மனசுக்கு அது ஆறுதல். ஆனால் வேலை அங்கிருந்து வருவது குறைவு. நமக்குத் தெரிந்த ஆட்களும் தகவல்களும்தான் அவர்களுக்கும் தெரியும். அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இதைச் சொன்னார். நெருக்கமானவர்களைவிட, எப்போதாவது பேசுகிற பழைய அறிமுகங்கள் மூலமாகவே பலருக்கு வேலைத் தகவல் கிடைத்திருந்தது. சுமார் 2 கோடி லிங்க்ட்இன் பயனர்களின் தரவை வைத்து 2022இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. ரொம்ப நெருக்கமும் இல்லாத, முற்றிலும் அந்நியமும் இல்லாத தொடர்புகள்தான் அதிகம் உதவுகின்றன.

நம் ஊர்க் கணக்கில் அவர்கள் யார்? எட்டு வருடத்துக்கு முன் கூட வேலை பார்த்தவர், அப்போது ஜூனியராக இருந்து இப்போது வேறு நிறுவனத்தில் மேலே போனவர், பொருள் சப்ளை செய்த வெண்டர், காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் பேசாமல் இருக்கும் பழைய வகுப்புத் தோழர். ஜூனியரிடம் போய்க் கேட்பதா என்ற தயக்கம்தான் பலரைத் தடுக்கிறது. ஆனால் ஒருவர் எப்படி வேலை வாங்கினார், கஷ்டத்தில் எப்படி நடந்துகொண்டார் என்று நேரில் பார்த்தவர் அவர்தானே. "ஏதாவது இருந்தா சொல்லுப்பா" என்று விட்டுவிட்டால் அவருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. "வங்கித் துறை, சென்னை அல்லது பெங்களூரு, டெலிவரி பொறுப்பு, உங்க கம்பெனியில் இதைப் பார்ப்பவரிடம் 15 நிமிஷம் பேச முடியுமா?" என்று கேட்டால் அவரால் உடனே ஒரு பெயரைச் சொல்ல முடியும்.

சம்பளத்தையும் தள்ளிப்போடக் கூடாது. "இவர் பழைய சம்பளத்துக்குக் கீழே வர மாட்டார்" என்று ஹெச்.ஆர். தானாகவே முடிவு செய்து ஒதுக்குவது நடக்கிறது. குறைத்துக்கொள்ளத் தயார் என்றால் முதல் பேச்சிலேயே சொல்லிவிடலாம். ஏன் வெளியே வந்தீர்கள் என்ற கேள்விக்கும் ஒரே வரி போதும். பிரிவை மூடிவிட்டார்கள் என்றால் மூடிவிட்டார்கள். பழைய நிறுவனத்தைத் திட்ட ஆரம்பித்தால், கேட்பவர் நாளை தன்னையும் இப்படித்தான் திட்டுவாரோ என்று யோசிப்பார்.

பச்சை வளையம் போடலாமா?

லிங்க்ட்இன் படத்தைச் சுற்றி வரும் பச்சை வளையம், வேலை தேடுகிறேன் என்று எல்லோருக்கும் காட்டும். ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியும்படியும் வைக்கலாம். இன்னும் வேலையில் இருப்பவர்களுக்கு அதுதான் பொருத்தம். ஆனால் தற்போதைய நிறுவனத்தின் கண்ணில் படவே படாது என்று லிங்க்ட்இன்னும் உத்தரவாதம் தருவதில்லை.

உயர் பதவிக்கு ஆள் தேடித் தரும் நிறுவனங்கள் கட்டணத்தை வேலை கொடுப்பவரிடம்தான் வாங்குகின்றன. "வைஸ் பிரெசிடென்ட் போஸ்ட் ரெடி, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்க" என்று யாராவது அழைத்தால் அது மோசடி என்றே எடுத்துக்கொள்ளலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

இன்னும் வேலையில் இருப்பவர்கள் இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கடைசி நாளன்று லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்ததும் மெயில், பாராட்டுக் கடிதம், எந்தத் திட்டம் எந்த மாதம் முடிந்தது என்ற விவரம் எல்லாமே கைவிட்டுப் போய்விடும். நிறுவனத்தின் ஆவணங்களை வெளியே எடுத்து வரக் கூடாது. ஆனால் மாதக் கடைசியில் வீட்டில் ஒரு நோட்டில் நாலு வரி எழுதிவைக்க எந்தத் தடையும் இல்லை: இந்த மாதம் என்ன சிக்கல் வந்தது, நான் என்ன முடிவெடுத்தேன், என்ன ஆனது, யார் அதைப் பார்த்தார்கள்.