கடல் மின்சாரமும் விலை உத்தரவாதமும்

தறி வாங்கக் கடன் கிடைத்தும், நெய்த துணிக்கு விலை கிடைக்காவிட்டால் அக்கடனே பாரமாகிவிடும் என்பதை நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டனில் கடல் மின்சாரத்துக்கு அரசாங்கம் அளித்த உதவியும் இந்தச் சிக்கலைச் சுற்றியே நடந்திருக்கிறது.

ஸ்காட்லாந்தின் வடகோடியில், ஆர்க்னித் தீவுகளுக்குத் தெற்கே உள்ள பெண்ட்லண்டு நீரிணையில், கடல் ஏறி இறங்கும்போது தண்ணீர் வெள்ளக்கால ஆற்றைப் போல் ஓடுகிறது. காற்றாலைச் சக்கரத்தை ஒத்த டர்பைனை அதில் அமிழ்த்தி மின்சாரம் எடுக்கிறார்கள். இன்ன நாளில் இன்ன நேரத்தில் எவ்வளவு ஓட்டம் இருக்கும் என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கணித்துவிடலாம். காற்றுக்கு இக்குணம் கிடையாது. ஆனால் உப்பு நீருக்குள் யந்திரத்தை நிறுத்தவும் பழுது பார்க்கவும் ஆகும் செலவு மிகப் பெரிது. ஆகவே அரசாங்கம் கை கொடுக்க வேண்டியதாயிற்று.

2004 ஆம் ஆண்டில் 5 கோடி பவுண்டு கொண்ட நிதியொன்று அறிவிக்கப்பட்டது. அதன் பெரும்பகுதியைப் பெறுவதற்கு ஒரு நிபந்தனை இருந்தது: முழு அளவான யந்திரம் தொடர்ந்து 3 மாத காலமேனும் கடலில் இயங்கிக் காட்டியிருக்க வேண்டும். பொதுப்பணத்தைக் காப்பவர்கள் இப்படிக் கேட்பது நியாயமே என்று தோன்றும். ஆயினும் அத்தகைய யந்திரத்தைச் செய்து முடிப்பதற்கே அல்லவா பணம் தேவைப்பட்டது! நீந்தக் கற்றவனுக்கே குளத்தில் இறங்க அனுமதி என்ற கதையாயிற்று. அப்பெரும்பகுதியிலிருந்து ஒருவரும் உதவி பெறாமலே 2011 இல் நிதி மூடப்பட்டது.

பின்னர் விலை உத்தரவாத முறை வந்தது. ஏலத்தில் ஒரு விலை முடிவாகும். 15 ஆண்டுகளுக்கு அது நிற்கும். சந்தை விலை அதற்குக் குறைந்தால் வித்தியாசத்தை உற்பத்தியாளருக்குத் தருவார்கள். மிஞ்சினால் மிஞ்சியதை அவர் திருப்பித் தரவேண்டும். இதன் செலவு மின்சாரம் வாங்குவோரின் கட்டணத்தில் சேருகிறது. ஆனால் 2017, 2019 ஏலங்களில் பெரிய கடற்காற்றாலைகளோடு போட்டியிட நேர்ந்ததால், நீரோட்ட மின்சாரத்துக்கு ஒன்றும் கிட்டவில்லை. 2021 நவம்பரில்தான் அதற்கென்று ஆண்டுக்கு 2 கோடி பவுண்டு தனியே ஒதுக்கப்பட்டது. 2022 ஜூலையில் 4 திட்டங்கள், சுமார் 41 மெகாவாட் அளவுக்கு உத்தரவாதம் பெற்றன.

விலையை மறைப்பதற்கில்லை. 2012 ஆம் ஆண்டு விலைமதிப்பில், ஆயிரம் யூனிட்டுக்கு நீரோட்ட மின்சாரத்துக்கு 178 பவுண்டுக்குச் சற்று மேல். அதே ஏலத்தில் கடற்காற்றாலைக்கு 37 பவுண்டு அளவே. 2023 இல் 198 பவுண்டாக ஏறிய நீரோட்ட விலை, 2024 இல் 172 ஆக இறங்கிற்று. தனி ஒதுக்கீடு இல்லாதிருந்தால் இவ்விறக்கத்தைக் காணவும் யந்திரங்கள் இருந்திரா என்றே நாம் கருதுகிறோம். அலை யந்திரங்களுக்கோ 2024 வரை நடந்த ஏலங்களில் ஒரு யூனிட்டுக்கும் உத்தரவாதம் கிட்டவில்லை.