ஜீப்பின் கியர்த் தண்டு

இரண்டாம் உலகப் போருக்கென 1941 முதல் 1945 வரை வில்லிஸ் நிறுவனம் செய்த ஜீப்பில் முன்னோக்கிச் செல்ல மூன்று கியர்களே உண்டு. அவ்வண்டியைப் பேணுவோர் சிலர் அதில் நான்கு கியர்கள் கொண்ட பெட்டியைப் பொருத்துகின்றனர். அப்போது கியர்த் தண்டு இருக்கையிலோ முகப்புப் பலகையிலோ இடிக்கக்கூடும். அதனை அறுத்து, வளைத்து, பற்றவைக்க வேண்டும்.

இத்தண்டு ஒரு நெம்புகோலேயாகும். இடையிலுள்ள குண்டே அதன் ஆதாரம். கை முன்னே தள்ளினால் அடிமுனை பின்னே செல்லும். குண்டுக்குக் கீழே 5 சென்டிமீட்டர், மேலே 40 சென்டிமீட்டர் என்று கொள்வோம். அடிமுனை 1 சென்டிமீட்டர் நகரக் கை 8 சென்டிமீட்டர் நகர வேண்டும். மேற்பகுதியை 25 சென்டிமீட்டராகக் குறைத்தால் கை 5 சென்டிமீட்டர் நகர்ந்தாற் போதும். ஆனால், முன்பு 5 பங்கு விசை வேண்டிய இடத்தில் இப்போது 8 பங்கு வேண்டும். இயற்கை இனாம் தருவதில்லை! தண்டை வளைத்தாலோ, இரும்பின் நீளம் கணக்கில் வராது. குண்டிலிருந்து கைப்பிடிவரை உள்ள உயரமே கணக்கு.

முதலில் ஓரிரு புள்ளிகளில் மட்டும் பற்றவைத்து, பின்கியர் உட்பட எல்லாக் கியர்களையும் போட்டுப் பார்த்தல் வேண்டும். அருகிலுள்ள நான்கு சக்கர இயக்கத் தண்டுகளில் அது உரசலாகாது. எதிலேனும் முட்டிப் பாதியில் நின்றால் பற்கள் முழுதும் கவ்வா. மலைச்சரிவில் இறங்குகையில் கியர் நழுவிவிடும். எஞ்சினின் பிடிப்பு அற்று வண்டி தானே உருளத் தொடங்கும்.