மீண்டும் பனித்தடத்தில் கால் வைத்தவர்கள்

நார்வே நாட்டுக் குழந்தைகள் பிறக்கும்போதே காலில் பனிச்சறுக்குப் பலகையோடு பிறக்கிறார்கள் என்று அந்நாட்டார் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. மலைச்சரிவில் மின்னல் வேகத்தில் இறங்கும் சறுக்கு விளையாட்டைக் காட்டிலும், காட்டுவழியே ஏற்றமும் இறக்கமுமாகப் பல கிலோமீட்டர் செல்லும் 'கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங்' என்னும் நெடுந்தூரப் பனிச்சறுக்கே அம்மக்களின் உள்ளத்துக்கு நெருக்கமானது. நம் பெந்தெகொஸ்தே வாசகர்களுக்கு அந்நாடு முற்றிலும் அந்நியமன்று. அங்கு எழுப்புதலின் முன்னோடியாக விளங்கிய போதகர் தாமஸ் பால் பாரட், 1908ஆம் ஆண்டிலேயே நீலகிரியின் குன்னூருக்கு வந்து ஊழியம் செய்து சென்றவர்.

இந்த விளையாட்டில் காலணியின் முன்முனை மட்டுமே பலகையோடு பிணைக்கப்பட்டிருக்கும், குதிகால் விடுதலையாயிருக்கும். இரு கைகளிலும் கோலூன்றி, கால், தோள், முதுகு, வயிறு என உடலின் எல்லாத் தசைகளையும் ஒருங்கே உழைக்கச் செய்ய வேண்டும். இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் இதைவிடக் கடினமான வேலை கொடுக்கும் விளையாட்டுகள் மிகச் சிலவே. ஆகவே, சில ஆண்டுகள் இதனை விட்டு விலகியிருந்தவர் மீண்டும் பனியில் இறங்கும்போது, தம் உடல் தமக்கே அந்நியமாகிப் போனதை முதல் ஏற்றத்திலேயே உணர்ந்துகொள்வார்.

விலகியிருக்கும் காலத்தில் உடலில் என்னதான் நிகழ்கிறது? நன்கு பயின்ற விளையாட்டு வீரர்கள் பயிற்சியை நிறுத்தியபின் நேர்வதை ஆராய்ந்து 1984இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று இதற்கு விடை தருகிறது. உடல் பிராணவாயுவைப் பயன்படுத்தும் உச்சத்திறன் முதல் 3 வாரங்களிலேயே 7 விழுக்காடு குறைந்தது. 8 வாரங்களில் 16 விழுக்காடு குறைந்து, அவ்வளவில் நின்றது. முதலில் குறைவது இரத்தத்தின் அளவு. ஆயினும் தசைகளுக்குள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அந்த வாரங்களில் குறையவில்லை. ஒஸ்லோ பல்கலைக்கழக அறிஞர்கள் 2010இல் எலிகளிடம் கண்டது இன்னும் வியப்புக்குரியது. உழைப்பினால் பருத்த தசை, உழைப்பு நின்றதும் மெலிந்துவிடுகிறது. ஆனால் அது பருத்தபோது புதிதாய்ச் சேர்ந்த உயிரணுக் கருக்கள் மறைந்துவிடாமல் தங்கியிருக்கின்றன. வெளியே ஒன்றும் மீதியில்லை என்று தோன்றும் வேளையிலும் உள்ளே ஏதோ ஒன்று காக்கப்பட்டிருக்கிறது.

மரித் பியோர்கன் என்னும் நார்வே வீராங்கனை 2015 டிசம்பர் 26ஆம் நாள் ஓர் ஆண் குழந்தைக்குத் தாயானார். அந்தப் பருவம் முழுவதும் அவர் போட்டிகளில் பங்கேற்கவில்லை. அப்போதே ஒலிம்பிக்கில் பத்துப் பதக்கங்கள் பெற்றிருந்தவர், வயதோ முப்பத்தைந்து. வீட்டோடு இருந்துவிட்டாலும் யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 2016 குளிர்காலத்தில் அவர் திரும்பினார். 2017இல் பின்லாந்தின் லாஹ்தி நகரில் நடந்த உலகப் போட்டியில் நான்கு தங்கம் பெற்றார். 2018இல் தென்கொரியாவின் பியோங்சாங் ஒலிம்பிக்கில் ஐந்து பதக்கங்களைப் பெற்றார். கடைசி நாளின் 30 கிலோமீட்டர் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தவரைவிட ஒன்றே முக்கால் நிமிடத்துக்கும் மேல் முந்தினார். அத்துடன் அவரது ஒலிம்பிக் பதக்கங்கள் பதினைந்தாயின. குளிர்கால ஒலிம்பிக்கில் அதுவரை எவரும் அத்தனை பெற்றதில்லை.

இதைப் படிக்கும் சகோதரிகள், "அவர்களுக்கு வசதி உண்டு, நமக்கு எங்கே?" என்று எண்ணக்கூடும். எண்ணுவது நியாயமே. மும்பையிலோ டெல்லியிலோ ஒற்றை அறை வீட்டில், உதவிக்குத் தாயாரும் மாமியாரும் அருகில் இல்லாமல் பிள்ளை வளர்ப்பது ஒலிம்பிக்கைவிட எளிதான காரியமன்று. ஆயினும் பியோர்கனின் பயிற்சிக் குறிப்பேடுகளை ஆராய்ந்து 2017இல் வெளியிடப்பட்ட ஆய்வுக் கட்டுரையில் நாமும் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. அவர் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் ஆண்டுக்கு 900 மணி நேரத்துக்கும் மேல் பயின்றார். அதில் தாங்குதிறன் பயிற்சியில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் மெதுவான, மூச்சிறைக்காத உழைப்பே! உலகின் மிக வேகமான பெண் தம் காலத்தில் பெரும்பகுதியை மெதுவாகச் செல்வதிலேயே செலவிட்டார். நீண்ட இடைவெளிக்குப்பின் திரும்புகிறவர் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார். இழந்ததை ஒரே வாரத்தில் மீட்க முயன்று, தோளையோ முழங்காலையோ நோகச் செய்துகொண்டு, மறுபடியும் உட்கார்ந்துவிடுகிறார்.

அமெரிக்காவின் கிக்கன் ரண்டால் 2016 ஏப்ரலில் தாயானவர். தமது ஐந்தாவது ஒலிம்பிக்கில், 2018இல், ஜெஸ்ஸி டிகின்ஸுடன் இணைந்து தம் நாட்டுக்கு இவ்விளையாட்டில் முதல் தங்கத்தைப் பெற்றுத் தந்தார். அதே ஆண்டு அவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சிகிச்சைக் காலத்திலும் தம்மால் இயன்ற அளவு உடற்பயிற்சியை அவர் விடவில்லை. 2019 நவம்பரில் நியூயார்க் மாரத்தானை மூன்று மணி நேரத்துக்குள் ஓடி முடித்தார்.

தெரேசே யோஹாக்கின் இடைவெளியோ வேறு வகையானது. வெயிலில் வெடித்த உதட்டுக்கு அணி மருத்துவர் கொடுத்த களிம்பில் தடைசெய்யப்பட்ட மருந்து கலந்திருந்தது. களிம்பின் அட்டையிலேயே எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தது. அதை அவர் பார்க்கவில்லை. பெரிய குற்றமில்லை என்று ஏற்றுக்கொண்ட விளையாட்டு நடுவர் மன்றம், ஆயினும் 2017இல் 18 மாதத் தடை விதித்தது. பியோங்சாங் ஒலிம்பிக் அவர் கைநழுவிப் போயிற்று. நோயாலோ பிரசவத்தாலோ விலகியிருப்பது வேறு; ஊரார் பேச்சுக்கு ஆளாகி விலக்கப்பட்டிருப்பது வேறு. திரும்பி வந்தவர் 2019 உலகப் போட்டியில் மூன்று, 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மூன்று எனத் தனிநபர் தங்கங்களைப் பெற்று ஓய்வு பெற்றார். 2023இல் ஒரு பெண் குழந்தைக்குத் தாயானார். 2024இல் மீண்டும் வருவதாக அறிவித்தார்!

இம்முறை நடந்ததைத்தான் நான் பெரிதும் மதிக்கிறேன். 2025 ஜனவரியில் 'டூர் டி ஸ்கீ' தொடர் பந்தயத்தை நான்காம் முறையாக வென்றார். ஆனால் அவர் திரும்பி வந்ததே மார்ச் மாதம் வரை நீண்ட உலகப் போட்டிக்காக; அது சொந்த நாட்டிலே, டிரோன்ஹெய்மிலே நடைபெற்றது. அங்கே தங்கம் கிட்டவில்லை. உலகப் போட்டி வரலாற்றில் பெண்களுக்கென முதன்முதலாக நடத்தப்பட்ட 50 கிலோமீட்டர் பந்தயத்தில், தம்மைவிடப் பல ஆண்டுகள் இளையவரான சுவீடனின் பிரீடா கார்ல்சனுக்கு அடுத்ததாக வந்து வெள்ளி பெற்றார். நம் சாட்சி வேளைகளில் தங்கம் கிடைத்தவர்களையே நாம் மேடையேற்றுகிறோம். இரண்டாவதாக வந்தவரின் சாட்சியைக் கேட்க நமக்குப் பொறுமையில்லை. பம்பிலியாவிலே ஊழியத்தை விட்டுத் திரும்பிப்போன மாற்கு, மறுபடி வந்தபோது பவுலுக்குச் சமமான அப்போஸ்தலனாகவில்லை. முதிர்வயதில், சிறையிலிருந்து பவுல் தேடி அழைக்கும்படியான பிரயோஜனமுள்ள உதவியாளனானான். அது போதாதா?

பதக்கத்துக்காக அன்றி, மனமகிழ்ச்சிக்காகத் திரும்புகிறவர்களே அந்நாட்டில் மிகுதி. இளவயதில் விட்டு நாற்பதிலோ ஐம்பதிலோ திரும்புகிறவருக்கு விளையாட்டும் மாறிவிட்டிருக்கும். முன்பு இரு தடங்களில் நேராக மட்டுமே சென்றனர். 1980களில், சக்கரக் காலணியில் செல்வதுபோலப் பக்கவாட்டில் உதைத்துச் செல்லும் முறை பரவிற்று. பலகையின் அடியில் பூசிவந்த புளூரின் கலந்த மெழுகு, சுற்றுச்சூழலுக்கும் உடல்நலத்துக்கும் கேடென்று 2023-24 பருவம் முதல் சர்வதேசப் போட்டிகளில் தடை செய்யப்பட்டுவிட்டது. முதல் சில வாரங்கள் சமதளத்தில், பேசிக்கொண்டே செல்லக்கூடிய வேகத்தில் செல்வதே நல்லது. சமநிலை திரும்பியபின் ஏற்றங்களுக்குப் போகலாம். பிள்ளை பெற்ற தாய்மார் ஓட்டம் போன்ற கடும் உழைப்புக்கு, மருத்துவரின் ஆலோசனையோடு, குறைந்தது மூன்று மாதமாவது பொறுத்திருப்பது நலம். இது பனிக்கு மட்டுமல்ல, காலைநேரத்தில் பூங்காவில் ஓடுகிறவர்களுக்கும் பொருந்தும்.

இப்படித் திரும்புகிறவர்களில் பலர் பெயர் கொடுப்பது, ரேனாவிலிருந்து லில்லஹாமர் வரை மலையைக் கடந்து செல்லும் 54 கிலோமீட்டர் 'பிர்கெபெய்னர்' பந்தயத்துக்கு. 1206ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பகைவரிடமிருந்து காக்கும்படி, இரண்டு வயதுகூட நிறையாத அரச குழந்தை ஹாகோனை இரு வீரர்கள் பனிமலை தாண்டித் தூக்கிச் சென்றதன் நினைவாக 1932இல் தொடங்கிய பந்தயம் இது. முந்தி வருகிறவரானாலும் பிந்தி வருகிறவரானாலும், இதில் பங்குபெறும் ஒவ்வொருவரும் அக்குழந்தையின் அடையாளமாக 3.5 கிலோ எடையைத் தம் முதுகில் சுமந்தே செல்ல வேண்டும்.