பெரியண்ணனும் சின்னண்ணனும்

விரிஞ்சிபுரத்திலிருந்து ரயில் மார்க்கமாக ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை கடந்து சென்றால் திருப்பத்தூர். அவ்வூரில் 1921-ஆம் ஆண்டில் இரு வைத்தியர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தை ஸ்தாபித்தார்கள். ஒருவர் தமிழரான சவரிராயன் ஜேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்து தேசத்துச் செல்வக் குடும்பத்தில் பிறந்த எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன்.

ஆளும் இனத்தவரும் ஆளப்படும் இனத்தவரும் மெய்யாகவே நண்பராதல் கூடுமோ? இவ்வினாவுக்கு அவ்விருவரும் வாதத்தால் அன்று, வேலையால் விடையளித்தார்கள். பிரமசாரிகளாய், கதருடுத்தி, ஓரிடத்தில் வாழ்ந்து, ஏழை நோயாளிகளுக்குச் சேர்ந்தே சிகிச்சை செய்தார்கள். புண்ணைக் கழுவும் கைக்கு நிறம் ஏது? கோபுரமும் மண்டபமுமாகத் திராவிடச் சிற்ப முறையில் ஜெபாலயமும் எழுப்பினார்கள். ஜனங்கள் ஜேசுதாசனைப் பெரியண்ணன் என்றார்கள். பேட்டனைச் சின்னண்ணன் என்றார்கள். வெள்ளையர் தமிழருக்குத் தம்பியானார்!

1932-இல் சென்னையில், கதருடையில் சென்ற சின்னண்ணனைப் போலீஸார் தடியால் அடித்தார்கள். நம்மவரோடு உழைத்தவர் நம்மவர் பட்ட அடியிலும் பங்கு கொண்டார்.

சகோதரத்துவத்தைப் பற்றி வகுப்பில் நான் எத்தனையோ பாடம் நடத்தியிருக்கிறேன். ஆயினும், ஒருமுறை பள்ளிக் கிணற்றைச் சேர்ந்து தூர் வாரிய பிள்ளைகளே, மதம் வேறாயினும், பின்னாளிலும் பிரியா நண்பர்களாயிருக்கக் காண்கிறேன்.