ஏழரைக் கோடி டாலர் கோச்

2023 நவம்பர் 11, சனிக்கிழமை. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அணி, மிசிசிப்பி ஸ்டேட் அணியை 51-10 என்று நொறுக்கித் தள்ளியது. மறுநாள் அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷருக்கு வேலை போய்விட்டது. அவரை அனுப்பிவைக்க ஆன செலவு சுமார் 7.6 கோடி டாலர். அன்றைய கணக்கில் 600 கோடி ரூபாய்க்கும் மேலே.

ஜெயித்த மறுநாள் ஒருவரை ஏன் அனுப்ப வேண்டும்? அனுப்புகிறவருக்கு எதற்கு இத்தனை பணம்? அதுவும் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில்? நியாயமான கேள்விகள்தான். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, குடித்துக்கொண்டே கேளுங்கள்.

முதலில் ஆட்டம். இது நாம் காலால் உதைத்து ஆடும் கால்பந்து இல்லை. தலையில் ஹெல்மெட், தோளில் கவசம், கையில் முட்டை வடிவப் பந்து. எறிந்தும் சுமந்தும் இடித்துத் தள்ளியும் முன்னேறுகிற அமெரிக்க ஆட்டம். இதற்குத் தொழில்முறை லீக் ஒன்று உண்டு. ஆனால் அலபாமா, நெப்ராஸ்கா போன்ற மாநிலங்களில் அந்த லீக்கின் அணியே கிடையாது. அங்கே பல்கலைக்கழக அணிதான் மாநிலத்தின் அணி. கல்லூரி வாசலை மிதிக்காதவரும் சனிக்கிழமையானால் அந்த நிறச் சட்டையைப் போட்டுக்கொள்வார். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். டெக்சஸ் ஏ அண்ட் எம்மின் கைல் ஃபீல்டில் 1,02,733 பேர். தொழில்முறை லீக்கின் மைதானம் ஒன்றுகூட வழக்கமாக ஒரு லட்சத்தைத் தொடுவதில்லை.

கைல் ஃபீல்டில் மாணவர்கள் ஆட்டம் முழுக்க உட்காராமல் நின்றுகொண்டே பார்ப்பார்கள். 1922 ஜனவரியில் ஓர் ஆட்டத்தில் வீரர்கள் அடுத்தடுத்துக் காயம்பட்டு வெளியேற, பார்வையாளர் பகுதியில் இருந்த கிங் கில் என்ற மாணவரை இறக்கி, சீருடை மாட்டித் தயாராக நிற்க வைத்தார்கள். அவர் கடைசிவரை ஆடவேண்டி வரவில்லை. ஆனாலும் அந்த நினைவில் அங்கே ரசிகர் கூட்டத்துக்கே ‘பன்னிரண்டாவது ஆள்’ என்று பெயர். அணியில் ஆடுவது பதினொரு பேர், நாங்கள் பன்னிரண்டாவது. இப்படி நினைக்கிற கூட்டம் தன்னை வேடிக்கை பார்க்க வந்ததாகக் கருதாது. உரிமையாளராகக் கருதும்.

இந்த உரிமைக்கு விலையும் உண்டு. பெரிய பல்கலைக்கழகங்களில் சீசன் டிக்கெட்டை நேராகப் போய் வாங்கிவிட முடியாது. முதலில் விளையாட்டு அறக்கட்டளைக்கு ஆண்டு நன்கொடை கட்டவேண்டும். கட்டினால்தான் நல்ல இருக்கைக்கு டிக்கெட் வாங்கும் தகுதி வரும். கொடுக்கக் கொடுக்க இருக்கை மைதானத்தின் நடுப்பகுதியை நெருங்கும். வண்டி நிறுத்தும் இடமும் வாசலுக்கு அருகே வரும். 2017 வரை இந்த நன்கொடையில் 80 சதவீதத்துக்கு வருமான வரிக் கழிவுகூடக் கிடைத்தது. நம் கோயில் உபயதாரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ராஜகோபுரத்துக்குப் பணம் கொடுத்தவருக்கு முதல் மரியாதை கிடைக்கும்; அடுத்த வருஷம் தர்மகர்த்தாவை மாற்றவேண்டும் என்று அவர் சொன்னால் கமிட்டியில் யாரும் காதைப் பொத்திக்கொள்ள மாட்டார்கள். டி. பூன் பிக்கன்ஸ் என்ற எண்ணெய் அதிபர் 2006-இல் ஒக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைக்கு 16.5 கோடி டாலர் கொடுத்தார். மைதானத்துக்கே அவர் பெயர்தான்.

வந்த பணம் எங்கே போனது? ஆடுகிற பையன்களுக்குப் போகவில்லை. கல்லூரி ஆட்டக்காரர்கள் தொழில்முறை வீரர்கள் அல்ல என்பதுதான் நெடுங்காலம் விதியாக இருந்தது. 2025 வரை, படிப்புச் செலவுக்கான உதவித்தொகை தவிரச் சம்பளம் கிடையாது. தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து அவர்கள் சம்பாதிக்கலாம் என்று அனுமதி வந்ததே 2021 ஜூலையில்தான். தொலைக்காட்சி உரிமை, டிக்கெட், நன்கொடை என்று கோடிகள் கொட்ட, ஆட்டக்காரனுக்குப் போகும் வழி அடைத்திருந்தால் பணம் வேறு எங்கே பாயும்? கட்டடத்துக்கும் கோச்சுக்கும்தான். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குவோரில் முதலிடம் கவர்னருக்கு இல்லை. கால்பந்து கோச்சுக்கோ கூடைப்பந்து கோச்சுக்கோதான்.

இனி ஃபிஷர் கதைக்கு வருவோம். 2013 சீசனில் ஃப்ளோரிடா ஸ்டேட் அணியைத் தேசியச் சாம்பியன் ஆக்கியவர். டெக்சஸ் ஏ அண்ட் எம் கடைசியாக அந்தப் பட்டத்தை வென்றது 1939-இல். பணம் இருக்கிறது, மைதானம் இருக்கிறது, பட்டம் மட்டும் இல்லை. 2017 டிசம்பரில் ஃபிஷரைக் கொண்டுவந்தார்கள்: பத்து வருஷம், 7.5 கோடி டாலர், முழுத் தொகைக்கும் உத்தரவாதம். ஒரு விழாவில் வேந்தர் ஜான் ஷார்ப் அவருக்கு ஒரு பட்டயம் பரிசளித்தார். அதில் தேசியச் சாம்பியன் என்று எழுதியிருந்தது; வருஷத்துக்கான இடம் மட்டும் காலி. அவர் தலைமையில் அணி ஓர் ஆட்டம்கூட ஆடும் முன்பே பட்டயம் தயார்.

2020-இல் அணி 9 வெற்றி, 1 தோல்வியோடு நாட்டிலேயே நான்காவதாக வந்தது. அடுத்த வருஷமே ஒப்பந்தத்தை 2031 வரை நீட்டினார்கள். சம்பளம் ஆண்டுக்கு 90 லட்சம் டாலராக உயர்ந்தது. இன்னும் ஆறு வருஷத்துக்கு மேல் பாக்கி இருந்த ஒப்பந்தத்தை ஏன் நீட்ட வேண்டும்? இந்த இடத்தைத்தான் நிதானமாகப் பார்க்கவேண்டும்.

கோச்சின் வேலையில் பாதி, பள்ளி முடிக்கப்போகிற பதினேழு வயதுப் பையன்களைத் தன் அணிக்கு இழுப்பது. பையனின் அப்பா அம்மா கேட்கிற முதல் கேள்வி: “என் பிள்ளை படிப்பை முடிக்கிறவரை நீங்கள் இங்கே இருப்பீர்களா?” கோச்சின் நாற்காலி ஆடுகிறது என்று ஊரில் பேச்சு கிளம்பினால், எதிரணிக் கோச்சுகள் அதை அந்த வீடுகளின் வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். நல்ல பையன்கள் வேறு பக்கம் போவார்கள், அடுத்த வருஷ அணி பலவீனமாகும், பேச்சு உண்மையாகும். இதைத் தடுக்கப் பல்கலைக்கழகம் கையில் எடுக்கும் மருந்துதான் நீண்ட ஒப்பந்தம். இன்னொரு பக்கம், ஜெயிக்கிற கோச்சை அடுத்த பல்கலைக்கழகம் கொத்திக்கொண்டு போய்விடுமோ என்ற பயம். கோச்சின் ஏஜென்ட் அந்தப் பயத்தைத் தணிக்க மாட்டார், விசிறிவிடுவார்.

2022-இல் அணி 5 வெற்றி, 7 தோல்வி. 2023 நவம்பரில் கணக்கு 6-4. மொத்தத்தில் 45 வெற்றி, 25 தோல்வி. மோசமில்லை, ஆனால் பட்டயத்தில் வருஷம் எழுத இது போதாது. மிசிசிப்பி ஸ்டேட்டை வீழ்த்தியது எதையும் மாற்றவில்லை, ஏனென்றால் முடிவு அந்த ஒரு சனிக்கிழமையைப் பற்றியது அல்ல. நீக்கியதற்குத் தரவேண்டிய தொகை: முதல் 60 நாளில் சுமார் 1.9 கோடி டாலர், பிறகு 2031 வரை ஆண்டுக்குச் சுமார் 72 லட்சம். ஃபிஷர் வேறு வேலையில் சேர்ந்தாலும் ஒரு காசு குறையாது. வரிப்பணம் இல்லை, விளையாட்டுத் துறை வருமானமும் நன்கொடையும்தான் என்றது நிர்வாகம். அங்கேதான் சூட்சுமம். கையெழுத்துப் போடுவது பல்கலைக்கழகம், பணம் தருவது வேறு ஆட்கள். அதிகாரம் ஓரிடம், செலவு ஓரிடம் என்றால் யாருக்குமே வலிக்காது.

பெரிய கைகள் நேராகவே களத்தில் இறங்கிய கதையும் உண்டு. 2003 நவம்பரில், அலபாமாவோடு மோதுவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் தலைவரும் விளையாட்டுத் துறை இயக்குநரும் அறங்காவலர்கள் இருவரும் ஒரு தனி விமானத்தில் ஏறினார்கள். இன்னொரு அறங்காவலரான பாபி லவுடரின் வங்கி விமானம் அது. போனது லூயிவில் அணியின் கோச் பாபி பெட்ரினோவை ரகசியமாகச் சந்திக்க. தங்கள் கோச் டாமி டியூபர்வில் வேலையில் இருக்கும்போதே! ஆபர்ன் 28-23 என்று ஜெயித்தது. ரகசியமும் வெளியே வந்தது. ரசிகர்கள் கொதித்தெழுந்து டியூபர்வில் பக்கம் நின்றார்கள். பதவியிழந்தவர் பல்கலைக்கழகத் தலைவர், கோச் தப்பினார். அடுத்த வருஷம் ஆபர்ன் 13 ஆட்டம் ஆடி 13-லும் வென்றது. டியூபர்வில் பின்னாளில் அலபாமாவின் செனட்டராகவே ஆகிவிட்டார்.

ஆக, பெரிய நன்கொடையாளரும் சாதாரண ரசிகரும் எப்போதும் ஒரே கட்சி அல்ல. 2017 நவம்பரில் டென்னஸி பல்கலைக்கழகம் கிரெக் ஷியானோவைக் கோச்சாக்க முடிவுசெய்த செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை கசிந்தது. மாணவர்கள் திரண்டார்கள், மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களும் சேர்ந்துகொண்டார்கள். அன்று மாலைக்குள் முடிவு வாபஸ். அதே வாரத்தில் விளையாட்டுத் துறை இயக்குநருக்கும் வேலை போயிற்று. வேலைக்கு வராத கோச்சையே துரத்திவிட்ட பெருமை அந்த ஊருக்கு.

துரத்தினால் நல்லது நடக்கிறதா? சில சமயம் நடக்கும். நடக்காததற்கு நெப்ராஸ்காவைப் பாருங்கள். ஃபிராங்க் சோலிச் ஆறு சீசனில் 58 வெற்றி, 19 தோல்வி. 2003-இல் ஒன்பது ஆட்டம் ஜெயித்துக் கொடுத்த பிறகும் போதாது என்று அனுப்பினார்கள். அடுத்த வருஷம் அணி 5-6. 1961-க்குப் பிறகு வெற்றியைவிடத் தோல்வி அதிகமான முதல் சீசன் அது. சோலிச் காலத்தில் 1999-இல் வென்ற கான்ஃபரன்ஸ் (அணிகளின் கூட்டமைப்பு) பட்டத்துக்குப் பிறகு அவர்கள் இன்னொன்றை வெல்லவே இல்லை.

விரட்டும் அவசரமும் வரவேற்கும் அவசரமும் வேறு வேறு இல்லை என்பதுதான் இதிலிருந்து எனக்குப் புரிவது. பொறுமையில்லாதவன்தான் பத்து வருஷ ஒப்பந்தம் நீட்டுவான். அவனேதான் நாலாவது வருஷம் அதைக் கிழிக்கவும் கேட்பான். 7.6 கோடி டாலருக்கான பில் 2023-இல் எழுதப்பட்டதல்ல. ஊரே கைதட்டிக்கொண்டிருந்த 2017-லும் 2021-லும் எழுதப்பட்டது.

ஃபிஷரை டெக்சஸுக்குக் கொண்டுவந்த விளையாட்டுத் துறை இயக்குநர் ஸ்காட் உட்வர்ட் பிறகு லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2021-இல் பிரையன் கெல்லியை அழைத்துவந்தார்: பத்து வருஷம், சுமார் 9.5 கோடி டாலர். 2025 அக்டோபரில் சொந்த மைதானத்தில் 49-25 என்று தோற்றதும் கெல்லி நீக்கப்பட்டார். தோற்கடித்தது டெக்சஸ் ஏ அண்ட் எம். பாக்கித் தொகை சுமார் 5.4 கோடி. கவர்னர் ஜெஃப் லாண்ட்ரி, இப்படிப்பட்ட ஒப்பந்தங்களைச் சாடி, அடுத்த கோச்சைத் தேர்ந்தெடுப்பவர் உட்வர்டாக இருக்கமாட்டார் என்று பகிரங்கமாகச் சொன்னார். சில நாளில் உட்வர்டும் வெளியே.

பாடம் கற்றார்களா? ஒரு மாதம் கழித்து லேன் கிஃபினைக் கொண்டுவந்தார்கள்: ஏழு வருஷம், ஆண்டுக்குச் சுமார் 1.3 கோடி டாலர். இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: 2025 முதல் பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கே நேராகப் பணம் தரலாம்; ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தின் எல்லா விளையாட்டு வீரர்களுக்கும் சேர்த்து முதல் ஆண்டின் உச்சவரம்பு சுமார் 2.05 கோடி.

ஆகவே, கோச் நீக்கப்பட்ட செய்தி அடுத்த முறை கண்ணில் பட்டால், எவ்வளவு கொடுத்து அனுப்பினார்கள் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். வரப்போகிறவருக்கு எத்தனை வருஷம், அதில் எவ்வளவுக்கு உத்தரவாதம் என்றும் பாருங்கள். அடுத்த நீக்கத்தின் செலவுக் கணக்கு அதிலேயே இருக்கும்.