மாசற்ற நாயகன் வேண்டுமோ?

கதாநாயகன் என்பவன் குற்றங்குறை ஏதுமற்றவனாக இருத்தல் வேண்டும் என்று எண்ணுவோர் நம்மிடையே பலருளர். ஆயினும், தலைமுறை தலைமுறையாகத் தமிழர் நெஞ்சிலே குடிகொண்டிருக்கும் கோவலன் யார்? மனைவியைப் பிரிந்தவன், குலப்பொருளை இழந்தவன். நளனும் தருமனும் சூதாடித் தோற்றவர்கள். இருந்தும் அவர்களுக்காக நாம் கண்ணீர் சிந்துகின்றோம். பிழை செய்து பின் வருந்தும் மனிதனிடத்திலே நம்மையே காண்கின்றோம் என்பதே அதற்குக் காரணமாகும்.

இந்தப் பெருந்தன்மையை எல்லோருக்கும் வழங்குகின்றோமா? ஆணொருவன் மற்றோர் ஆணிடத்தும், பெண்ணொருத்தி மற்றொரு பெண்ணிடத்தும் காதல் கொள்ளும் கதைகளிலே, அவர்களுக்கு நெடுங்காலமாகப் பெரும்பாலும் இரண்டு வேடங்களே தரப்பட்டு வந்தன. ஒன்று, கண்டோர் நகைக்கும் கோமாளி வேடம். மற்றையது, துன்புற்று மடியும் அப்பாவி வேடம். தவறிழைத்து, வெட்கி, திருந்தி, மீண்டும் அன்பு செலுத்தும் உரிமை அவர்களுக்கு அரிதாகவே கிட்டியது. இளைஞர்களைப் பற்றி இக்காலத்தில் எழுதப்பெறும் கதைகள் சில அவ்வுரிமையை வழங்கியுள்ளன.

அவற்றுள் நம் நாட்டவர் ஒருவரின் நூல்கள் முதன்மையானவை. கொழும்பிலே 1965ஆம் ஆண்டு பிறந்து, 1983ஆம் ஆண்டின் இனக்கலவரத்தின் பின் குடும்பத்தோடு கனடாவுக்குக் குடிபெயர்ந்த சியாம் செல்வதுரை, ‘ஃபன்னி போய்’ என்னும் நாவலை 1994இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதன் நாயகன் அர்ஜி, சிறுபிராயத்திலே சேலை உடுத்தி மணமகளாக விளையாடியவன். வளர்ந்தபின் பாடசாலைத் தோழன் ஷெஹானை விரும்புகின்றான். அவன் உத்தமன் அல்லன். முதல் நெருக்கம் நேர்ந்ததும், தன் வெட்கத்தையெல்லாம் ஷெஹான் மீது சுமத்தி அவனை ஒதுக்குகின்றான். படிக்கும் நமக்கு அவன்மீது கோபமே எழுகின்றது. பின்னர், அதிபரின் தண்டனைகளால் ஷெஹான் நொறுங்குவதைக் கண்டு மனம் பொறாது, பரிசளிப்பு விழாவிலே தான் ஒப்புவிக்க வேண்டிய கவிதைகளை வேண்டுமென்றே குழப்பிச் சொல்லி, அதிபரின் எண்ணத்தைக் குலைக்கின்றான். சற்றுமுன் கோபங்கொண்ட நம் நெஞ்சு இப்போது அவனுக்காகப் படபடக்கின்றது. அவனுடைய கோழைத்தனத்தை முன்னரே கண்டிருப்பதனால், அத்துணிவின் விலை நமக்கு விளங்குகின்றது. நூலின் முடிவில் வரும் ஆடிக் கலவரத்தில் எம் பதுளை நகரும் எரிந்தது என்பதை இங்குள்ள முதியோர் மறந்திலர்.

அவரே 2005இல் எழுதிய ‘சுவிமிங் இன் த மொன்சூன் சீ’ இளையோர்க்கென்றே எழுதப்பட்டது. 1980ஆம் ஆண்டுக் கொழும்பிலே வாழும் பதினான்கு வயது அம்ரித், கனடாவிலிருந்து வரும் மைத்துனன் நிரேஷிடம் மனம் பறிகொடுக்கின்றான். நிரேஷ் வேறொருத்தியோடு பழகுவது கண்டு பொறாமைத் தீயில் வேகின்றான். பாடசாலையில் நடைபெறும் நாடகமோ ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’! அமெரிக்கரான பெக்கி அல்பெர்ட்டலி 2015இல் படைத்த சைமனும் இத்தகையவனே. தன் இரகசியம் வெளிப்படலாகாதென்று நண்பர்களை ஏமாற்றுகின்றான். அதற்காக அவர்களுடைய கோபத்தைச் சுமக்கவும் செய்கின்றான்.

இனி நம் ஊருக்கு வருவோம். மாசி மாதத்திலே மலையகத் தோட்டங்களில் காமன் கூத்து நடைபெறும்போது, இரதியாக வேடம் பூணுபவன் ஆண்மகனே. சேலையும் நகையுமாக அவன் வரும்போது லயத்து மக்கள் பயபக்தியோடு வணங்குகின்றனர். மறுநாள், மென்மையாக நடக்கும் ஒரு பையனுக்குப் பட்டப்பெயர் சூட்டுவோரும் அவர்களுள் இருக்கின்றனர். வேடம் வேறு, விருப்பம் வேறு என்பது மெய்யே. ஆயினும், கூத்திலே காட்டும் மரியாதையில் ஒரு பங்கையேனும் வாழ்விலே காட்டலாகாதா?

பிறரைக் குறைகூறும் நாம் எமது குறையை மறைத்தல் ஆகாது. பல ஆண்டுகளுக்கு முன், எம் வகுப்பிலும் அத்தகைய பட்டப்பெயர் ஒன்று எழுந்தது. மாணாக்கர் நகைத்தனர், கண்டிக்க வேண்டிய நாமும் சேர்ந்து நகைத்தோம். தோட்டத்திலிருந்து நாள்தோறும் பஸ்ஸேறி வந்த அப்பிள்ளை, அடுத்த தவணைக்கு வரவில்லை. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து அவன் தாயார் சொன்னது இன்றும் செவியில் ஒலிக்கின்றது: “அவனுக்குப் படிக்கப் புடிக்கலையாம் சேர். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போயிட்டான்.” உண்மைக் காரணத்தை அந்தத் தாயும் அறியார். அறிந்த நாம் வாய் திறக்கவில்லை.

தன்பாலின உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டப் பிரிவுகளை மாற்றும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023இல் நம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. சட்டத்தின் போக்கு அவ்வாறிருக்க, வகுப்பறையின் நகைப்பை நிறுத்துவதற்கு எந்த நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டியதில்லை.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள். இத்தகைய நூலொன்று உங்கள் பிள்ளையின் கையிலிருக்கக் கண்டால் பறித்துவிடாதீர்கள். வாங்கி நீங்களும் படியுங்கள். அர்ஜி தன் பிழையைக் காலம் தாழ்த்தியேனும் உணர்ந்து, தோழனுக்காக மேடையிலே நின்றான். நாம் நிற்க வேண்டிய நாளில் நிற்கவில்லை. இன்று எம் வகுப்பிலே அந்நூல் வலம் வருகின்றது. பட்டப்பெயர் எதுவும் எழ நாம் விடுவதில்லை. அந்தப் பிள்ளைக்கு இது உதவாது. அவனுக்குப் பின் வந்து அமர்ந்திருப்பவனுக்கு உதவக்கூடும்.