கேலனா, எந்த கேலன்?

அமெரிக்கக் கடையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பார்த்தால் 16.9 ஃப்ளூயிட் அவுன்ஸ் என்று போட்டிருக்கும். யாராவது உட்கார்ந்து யோசித்து 16.9 என்று அளவு வைப்பார்களா? பாட்டில் மெட்ரிக் கணக்கில் செய்தது. 500 மில்லியை 29.57-ஆல் வகுத்தால் அந்த எண் வந்துவிடுகிறது. அதே கடையில் பால் மட்டும் கேலன் கணக்கு, லேபிளில் 3.78 லிட்டர் என்று சில்லறையாக நிற்கும்.

இந்தச் சில்லறை இங்கிலாந்துச் சரக்கு. ஆன் ராணி ஆட்சியில், 1707-இல், ஒயின் கேலன் என்றால் 231 கன அங்குலம் என்று சட்டம் வகுத்தது. 7 அங்குல விட்டம், 6 அங்குல உயரம் உள்ள உருளைப் பாத்திரம் அது. பைக்கு 22/7 போட்டுப் பாருங்கள், மிச்சமில்லாமல் 231 வரும். தனி நாடான பிறகும் அமெரிக்கா அதை விடவில்லை. பிரிட்டனோ 1824-இல் பழையதைத் தூக்கிப்போட்டுவிட்டு, பத்து பவுண்டு தண்ணீர் கொள்ளும் 4.546 லிட்டர் கேலனைக் கொண்டுவந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியாவும் இலங்கையும் புழங்கியது இந்தப் பெரிய கேலனைத்தான். தாத்தா காலத்து வாய்ப்பாட்டை வைத்து அமெரிக்கக் கணக்குப் போட்டால் ஆறில் ஒரு பங்கு துண்டு விழும்.

அங்குலம் 1959 முதல் சரியாக 25.4 மில்லிமீட்டர். அதனால் அமெரிக்க கேலனும் துல்லியமாக 3.785411784 லிட்டர். மனக்கணக்குக்கு இத்தனை இலக்கம் எதற்கு? லிட்டரை நாலால் வகுத்து, வந்ததோடு நூற்றுக்கு ஐந்தரை சேர்த்தால் போதும். 40 லிட்டர் டேங்க் என்றால் பத்தும் அரையும் சொச்சமும்; துல்லியக் கணக்கில் 10.57 கேலன்.

ஒரு கேலனுக்கு 16 கப், கப்புக்கு 8 ஃப்ளூயிட் அவுன்ஸ். கப் 236.6 மில்லி; ஊட்டச்சத்து லேபிளில் மட்டும் அதை 240 என்று வைத்துக்கொள்கிறார்கள். கேக் சுட இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை.

உண்மையான வம்பு அவுன்ஸில்தான். எடைக்கும் அவுன்ஸ் உண்டு, 28.35 கிராம். தண்ணீரில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வருவதால் ஆள் ஏமாந்துவிடுவார். தேனில் குட்டு உடையும்: 8 ஃப்ளூயிட் அவுன்ஸ் கொள்ளும் கப்பில் தேனை நிரப்பித் தராசில் வைத்தால் 12 அவுன்ஸ் காட்டும். அங்கே தேனை விற்பது எடைக்கு. கரடி வடிவ பாட்டிலில் 12 அவுன்ஸ் என்று இருந்தால் அது 340 கிராம், ஒரு கப் தேன். 355 மில்லி இல்லை.